ஈரலுக்குச் செல்லும் இரத்தம்: அமுக்கம் ஏறுவது ஏன்?

இரத்த அமுக்கம் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது கையில் பட்டி சுற்றி அளக்கப்படும் அமுக்கமே. மாதந்தோறும் "பிறஷர்" பார்ப்பதற்காகக் கிளினிக்கில் வரிசையில் நிற்பவர்கள் எமது கிராமங்களில் பலர் உளர். ஆனால் அந்தப் பட்டியினால் அளக்க முடியாத இன்னோர் அமுக்கமும் எமது உடலில் உண்டு. குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெரிய நாளத்தில் உள்ள அமுக்கமே அது. கையில் அளக்கும் அமுக்கம் சரியாக இருக்கும் ஒருவருக்கும் இவ்வமுக்கம் உயர்ந்திருக்கலாம். பல ஆண்டுகளாக எந்த நோவும் தராமல் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென இரத்த வாந்தியாக அது வெளிப்படலாம்.

அப்படி ஒருவர் இரத்த வாந்தி எடுத்துவிட்டால் ஊரில் முதலில் எழும் பேச்சு, "எல்லாம் குடியால் வந்தது" என்பதே. இது சிலரில் உண்மை. வேறு பலரில் உண்மையல்ல. மதுவை வாயில் வைத்தறியாத தாய்மாருக்கும், பாடசாலை செல்லும் சிறுவர்களுக்கும் கூட இந்நோய் வருகிறது. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி நோயை மறைப்பவர்கள் காலந்தாழ்த்தியே வைத்தியசாலைக்குச் செல்கிறார்கள். ஆகவே இவ்வமுக்கம் எப்படி ஏறுகிறது, அதற்கான காரணங்கள் எவை, நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இப்பாடத்தில் படிப்படியாக நோக்குவோம்.

ஈரலுக்கு இரு வழிகள்

எமது உறுப்புக்களுள் பெரும்பாலானவை ஒரு வழியாகவே இரத்தத்தைப் பெறுகின்றன. இதயத்திலிருந்து நாடி வழியாக இரத்தம் வரும். நாளம் வழியாக இதயத்துக்குத் திரும்பும். ஈரலுக்கோ இரத்தம் இரு வழிகளால் வருகிறது. ஒன்று, இதயத்திலிருந்து வரும் ஈரல் நாடி. மற்றது, இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், சதையி, மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து திரும்பும் இரத்தம் யாவும் ஒன்றுசேர்ந்து வரும் பெரிய நாளம். ஈரலின் வாயிலில் நுழைவதால் இதனை ஈரல் வாயினாளம் என்பர். இதன் நீளம் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் மட்டுமே.

ஒரு நிமிடத்தில் ஈரலுக்குச் செல்லும் இரத்தம் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர். இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் நாலில் ஒரு பங்கு இது. இந்த ஒன்றரை லீற்றரில் நாலில் மூன்று பங்கு வாயினாளத்தாலும், மிகுதி ஒரு பங்கு ஈரல் நாடியாலும் வருகின்றது.

நாம் உண்ட உணவு சமிபாடடைந்தபின் குடலால் உறிஞ்சப்பட்டு, வாயினாள இரத்தத்துடன் ஈரலைச் சென்றடைகிறது. அங்கே நாளம் கிளைவிட்டுக் கிளைவிட்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்களாகப் பிரிகின்றது. அக்குழாய்களின் இருமருங்கிலும் ஈரற்கலங்கள் வரிசையாக உள்ளன. இரத்தம் மெல்ல ஊர்ந்து செல்லும்போது அவை சீனியைச் சேமிக்கின்றன, புரதங்களை ஆக்குகின்றன, குடலில் உண்டாகும் நச்சுப் பொருட்களை அகற்றுகின்றன. இவ்வாறு வடிக்கப்பட்ட இரத்தம் ஈரல் நாளங்கள் வழியே வெளியேறி இதயத்தைச் சேர்கின்றது.

இவ்வளவு இரத்தம் பாய்ந்தபோதிலும் வாயினாளத்தில் அமுக்கம் மிகக் குறைவு. கையில் அளக்கும் அமுக்கம் 120/80 மி.மீ. இரசம் என்றால், வாயினாளத்தில் அது 5 முதல் 10 மி.மீ. வரையே. ஆரோக்கியமான ஈரல் பஞ்சு போன்று மென்மையாக இருப்பதால் இரத்தம் தடையின்றி அதனூடே கடந்துவிடுகின்றது.

குளமும் வாய்க்காலும்

அமுக்கம் ஏறும் விதத்தை விளங்கிக்கொள்ள எமது விவசாயிகளுக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இரணைமடு, உன்னிச்சை போன்ற குளங்களின் கீழ் வயல் செய்பவர்கள் இதனைக் கண்ணால் கண்டிருப்பார்கள். வாய்க்காலிலே புல்லும் சேறும் அடைத்துக்கொண்டால் என்ன நிகழும்? அடைப்புக்குக் கீழேயுள்ள வயலுக்குத் தண்ணீர் போதாது. அடைப்புக்கு மேலே நீர்மட்டம் உயரும். உயர்ந்த நீர் பக்கத்திலுள்ள சிறிய கான்களில் புகுந்து ஓடும். அக்கான்களின் வரம்புகள் அவ்வளவு நீரைத் தாங்கும்படி கட்டப்பட்டவையல்ல. ஏதோவொரு மெலிந்த இடத்தில் வரம்பு உடைத்துக்கொள்ளும்.

ஈரலில் நிகழ்வதும் இதுவே. இரத்தம் செல்லும் வழியில் தடை ஏற்பட்டால், தடைக்குப் பின்னாலுள்ள வாயினாளத்தில் அமுக்கம் உயர்கின்றது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாய்க்கால் அடைத்தால் நாம் துருசை மூடி நீரைக் குறைக்கலாம். உடலிலோ இதற்கு எதிர்மாறாக நடக்கிறது. அமுக்கம் ஏறத் தொடங்கியபின் குடலைச் சேர்ந்த நாடிகள் விரிந்து கொடுப்பதால் அங்கு வரும் இரத்தம் முன்னரிலும் அதிகமாகின்றது. அடைபட்ட வாய்க்காலுக்கு மேலும் துருசைத் திறந்துவிட்டதுபோல, தடையும் வரத்தும் சேர்ந்து அமுக்கத்தைக் கூட்டுகின்றன.

தடை எங்கே ஏற்படுகின்றது?

வைத்தியர்கள் இதற்கான காரணங்களை மூன்றாகப் பிரிப்பர்: ஈரலுக்கு முன்னே, ஈரலுக்குள்ளே, ஈரலுக்குப் பின்னே.

ஈரலுக்கு முன்னே: வாயினாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகி வழியை அடைத்துக்கொள்வது இவ்வகையாகும். சிறுவர்களில் இதற்கான காரணங்களுள் ஒன்று, பிறந்த சில நாட்களில் தொப்புளில் ஏற்படும் கிருமித் தொற்று. கருவிலிருந்தபோது குழந்தைக்கு இரத்தம் கொண்டுவந்த தொப்புள் நாளம் ஈரலின் வாயினாளத்துடன் தொடர்புள்ளது. தொப்புளில் சீழ் பிடித்தால் கிருமிகள் அவ்வழியே உட்சென்று நாளத்தில் இரத்தம் உறையச் செய்யலாம். பல ஆண்டுகளின் பின், பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரியும் ஒரு சிறுவன் திடீரென இரத்த வாந்தி எடுப்பான். அவனுடைய ஈரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மண்ணீரல் மட்டும் வீங்கியிருக்கும். தொப்புளில் சாம்பல், எண்ணெய், பச்சிலைச் சாறு முதலியவற்றைப் பூசக்கூடாது என்று குடும்பநல உத்தியோகத்தர் வலியுறுத்துவது வீண்கண்டிப்பல்ல.

ஈரலுக்குள்ளே: பெரும்பாலானோருக்குத் தடை ஏற்படுவது இங்கேதான். ஈரற்கலங்கள் நீண்டகாலம் தாக்கப்படும்போது அவை இறந்த இடங்களில் நார் போன்ற தழும்பு உண்டாகின்றது. காயம் ஆறியபின் தோலில் தழும்பு இறுகுவதுபோல ஈரலும் இறுகி, முடிச்சு முடிச்சாகின்றது. இதனைச் சிரோசிஸ் என்பர். பஞ்சு கல்லானால் அதனூடே நீர் எப்படிச் செல்லும்? ஈரலை இந்நிலைக்குக் கொண்டுவரும் காரணங்கள் பல.

முதலாவது மதுபானம். கசிப்புத்தான் கெடுதி, பியரும் கள்ளும் கெடுதியல்ல என்று எண்ணுவோர் உளர். கசிப்பு, சாராயம், பியர், கள்ளு ஆகிய யாவற்றிலும் ஈரலைத் தாக்கும் மதுசாரம் ஒன்றே. அளவும் காலமுமே வேறுபடுகின்றன.

இரண்டாவது, ஈரலில் கொழுப்புப் படிதல். உடற்பருமன், நீரிழிவு, இரத்தத்தில் கொழுப்பு மிகுதல் ஆகியவற்றுடன் இது சேர்ந்து வருகின்றது. ராகமைப் பகுதியில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்றில், நகர்ப்புறத்து வளர்ந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது. இவர்கள் எல்லோருக்கும் சிரோசிஸ் வருவதில்லை. ஆனால் ஒரு பகுதியினருக்கு வருகின்றது. மது அருந்தாத எமது தாய்மார் பலர் இந்நோய்க்கு ஆளாவது இவ்வழியாலேயே.

மூன்றாவது, ஹெபடைட்டிஸ் பீ, சீ என்னும் வைரசுக்கள். இவை நோயாளியின் இரத்தம், சுத்தமற்ற ஊசி, உடலுறவு ஆகியவற்றால் தொற்றக்கூடியவை. பீ வைரசு தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும். எமது நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பீ தடுப்பூசி 2003இல் சேர்க்கப்பட்டது. அதற்குமுன் பிறந்தவர்களிற் பலர் இதனைப் பெற்றிருக்கமாட்டார்கள். சீ வைரசுக்குத் தடுப்பூசி இல்லையாயினும், சில மாதங்கள் மாத்திரை உட்கொண்டு அதனை முற்றாகக் குணப்படுத்த இன்று முடிகின்றது.

நான்காவது, பரம்பரை நோய்கள். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் பெரும்பாலும் இளவயதிலேயே ஈரலைத் தாக்கும். நெருங்கிய உறவினருள் திருமணம் நடைபெறும் குடும்பங்களில் இதன் வாய்ப்பு அதிகம். ஒரு பிள்ளைக்கு இது கண்டறியப்பட்டால் சகோதரர்களையும் பரிசோதிக்க வேண்டும்.

சிரோசிஸ் இல்லாமலே ஈரலுக்குள் தடை ஏற்படுவதும் உண்டு. எகிப்தின் நைல் நதிக்கரை விவசாயிகளிடையே நீரில் வாழும் ஒருவகைப் புழு, உடலுட் புகுந்து ஈரலிலுள்ள வாயினாளக் கிளைகளைத் தழும்பாக்கிப் பெருந்துன்பம் விளைத்தது. அதனை ஒழிப்பதற்காக 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை அந்நாட்டில் இலட்சக்கணக்கானோருக்கு ஊசி மருந்து ஏற்றப்பட்டது. ஊசிகள் சரிவரக் கிருமிநீக்கம் செய்யப்படாமல் மீண்டும் மீண்டும் பயன்பட்டதால் ஹெபடைட்டிஸ் சீ பரவியது. ஒரு காரணத்தை அகற்றச் சென்ற நல்ல முயற்சி இன்னொரு காரணத்தை விதைத்துவிட்டது. மக்கள் நலனுக்காக உழைக்கும் எம்மைப் போன்ற அமைப்புகள் மனத்தில் இருத்த வேண்டிய வரலாறு இது.

ஈரலுக்குப் பின்னே: ஈரலைக் கடந்த இரத்தம் வெளியேறும் வழியில் ஏற்படும் தடை இது. ஈரல் நாளங்களில் இரத்தம் உறைதல், இதயத்தின் வலப்பக்கம் நலிவடைதல், காசநோயினால் இதயத்தைச் சூழ்ந்த உறை தடித்து இறுகுதல் ஆகியன இதில் அடங்கும்.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது மூலிகை பற்றிய எச்சரிக்கை. கிலுகிலுப்பை இனச் செடிகள் சிலவற்றில், ஈரலை விட்டு இரத்தம் வெளியேறும் நுண்ணிய நாளங்களை அடைக்கும் நச்சுப்பொருள் உண்டு. 1970களின் நடுப்பகுதியில் இந்தியாவின் சர்குஜா மாவட்டத்தில், சிறுதானியத்துடன் இவ்வினச் செடியின் விதைகள் கலந்துவிட்டதால் பலருக்கு வயிற்றில் நீர் கட்டி, அவர்களிற் பலர் இறந்தனர். எமது நாட்டு மருந்து மூலிகைகள் சிலவற்றிலும் இத்தகைய நச்சுப்பொருள் இருப்பதை இலங்கை ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்டனர். மூலிகை எல்லாம் தீயதல்ல, ஆனால் "இலைதானே, என்ன செய்யும்?" என்று பெயரறியாத குடிநீரைத் தொடர்ந்து குடிப்பது அறிவீனம்.

அமுக்கம் ஏறியபின்

தடைபட்ட இரத்தம் மாற்றுவழி தேடும். களத்தின் (உணவுக் குழாயின்) கீழ்ப்பகுதியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் உள்ள மெல்லிய நாளங்கள் அத்தகைய வழிகளாகும். சாதாரணமாக நூல்போல் இருக்கும் இவை, இரத்தம் பெருகியதும் மண்புழுப்போல் தடித்துப் புடைக்கின்றன. சிரோசிஸ் கண்டறியப்படும் வேளையில் ஏறத்தாழ அரைவாசிப் பேரில் இவை ஏற்கெனவே உண்டாகியிருக்கும். ஈரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அமுக்க வேறுபாடு 12 மி.மீ. அளவை எட்டினால் இவை வெடிக்கக்கூடும். அவ்வாறு இரத்தம் பெருகியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் வரை, சிகிச்சை பெற்றும் ஆறு வாரங்களுக்குள் இறந்துவிடுகின்றனர்.

மண்ணீரலிலும் இரத்தம் தேங்குவதால் அது வீங்குகின்றது. வீங்கிய மண்ணீரல் இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுக்களைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. எமது மக்கள் டெங்குக் காய்ச்சலின்போது "பிளேற்லெற்" என்று அறிந்து வைத்திருப்பது இதனையே. காய்ச்சல் எதுவுமில்லாத ஒருவரின் இரத்த அறிக்கையில் இது 150,000க்குக் குறைவாகவே தொடர்ந்து காணப்பட்டால், ஈரலையும் மண்ணீரலையும் ஸ்கான் செய்து பார்க்குமாறு வைத்தியரைக் கேட்பது நல்லது.

அடுத்து, வயிற்றில் நீர் கட்டுதல். முன்னோர் மகோதரம் என்றது இந்நிலையையே. அமுக்கத்தால் நீர் கசிவதும், ஈரல் புரதம் ஆக்கும் திறன் குறைவதும், சிறுநீரகங்கள் உப்பைப் பிடித்து வைப்பதும் சேர்ந்து வயிற்றைப் பெருக்கச் செய்கின்றன.

இன்னொன்று மனநிலை மாற்றம். குடலிலிருந்து வரும் நச்சுப்பொருட்கள் ஈரலில் வடிக்கப்படாமல் மாற்றுவழியே சென்று மூளையைத் தாக்குகின்றன. நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார், கை நடுங்கும், கையெழுத்துக் கோணும், சம்பந்தமின்றிப் பேசுவார். "வெறியில் புலம்புகிறார்" என்றோ "பேய் பிடித்துவிட்டது" என்றோ முடிவுகட்டி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லத் தாமதிக்கக்கூடாது. மலச்சிக்கல், கிருமித் தொற்று, இரத்தப்போக்கு ஆகியன இந்நிலையைத் தூண்டுவன. பெரும்பாலும் சிகிச்சையால் அவர் மீண்டும் தெளிவடைவார்.

உடனே செய்ய வேண்டியவை

இரத்த வாந்தி, அல்லது தார் போன்று கறுத்து, ஒட்டும் தன்மையும் கடும் நாற்றமும் உள்ள மலம், இவ்விரண்டில் ஒன்றைக் கண்டால் விடியும்வரை காத்திருக்கலாகாது. (இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அது தார்போல் இளகி ஒட்டாது.) 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயால் எதுவும் கொடாமல் கொண்டுசெல்ல வேண்டும்.

வைத்தியசாலையில் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இவ்வளவு இரத்தம் போயும் ஏன் நிறைய இரத்தம் ஏற்றவில்லை?" தேவைக்கு மேல் இரத்தம் ஏற்றினால் வாயினாள அமுக்கம் மீண்டும் உயர்ந்து, அடைபட்ட காயம் திறந்துகொள்ளும். ஆகவே வைத்தியர்கள் அளவோடுதான் ஏற்றுவர். அது கவலையீனமன்று.

சிகிச்சை

புடைத்த நாளங்கள் இருப்பது எண்டொஸ்கொப்பிப் பரிசோதனையால் தெரியவரும். வாய்வழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்க்கும் இப்பரிசோதனையின்போதே அந்நாளங்களுக்குச் சிறிய இறப்பர் வளையமிட்டு அவற்றைச் சுருங்கச் செய்யலாம். புறொப்பிரனலோல் என்னும் மலிவான மாத்திரை குடலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்து அமுக்கத்தைத் தணிக்கின்றது. எமது உவமையிற் சொன்னால், இது துருசைச் சற்று மூடுவது போன்றது. நெஞ்சுத்துடிப்பு அறுபதுக்குக் குறைய வரக்கூடும். தலைச்சுற்று ஏற்பட்டால் தாமாக மாத்திரையை நிறுத்தாமல் வைத்தியரிடம் கூற வேண்டும். ஈழை நோயுள்ளவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

வயிற்றில் நீர் கட்டியவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும். கறியில் உப்பைக் குறைத்துவிட்டுக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் உண்பதில் பயனில்லை. மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றை நிறுத்தித் தண்ணீர்ச்சோறு மட்டும் கொடுப்பது பழைய வழக்கம். இது தவறு. ஈரல் நோயாளிக்குப் புரதம் தேவை. இரவில் படுக்குமுன் சிற்றுணவும் நல்லது. மூட்டுநோவுக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபெனாக், இபுபுறூபன், அஸ்பிரின் ஆகியவை இரத்தப்போக்கைத் தூண்டி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பரசிற்றமோலும் வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் கூடாது.

மதுவினால் நோயுற்றவர்களுக்கு நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. "இனி விட்டு என்ன பயன்?" என்ற எண்ணம் பிழையானது. நோய் முற்றியபின் மதுவை விட்டவர்களிலும் வாயினாள அமுக்கம் குறைகின்றது, ஆயுள் நீள்கின்றது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடுமாதலால், வைத்திய ஆலோசனையுடன் நிறுத்துவதே பாதுகாப்பு.

ஊரும் நோயாளியும்

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று ஆண்டவரைக் கேட்டதாக யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். அக்கேள்வி இன்றும் எமது ஊர்களில் கேட்கப்படுகின்றது. நாம் மேலே கண்ட காரணங்களை எண்ணிப் பார்ப்போம்: தொப்புள் தொற்று, கொழுப்பு, வைரசு, செம்பு, காசநோய், மூலிகை, மது. வீங்கிய வயிற்றைப் பார்த்து இவற்றுள் எது காரணம் என்று எவராலும் கூற முடியாது. காரணம் மதுவாகவே இருந்தாலும், பழிச்சொல் அவரை மீண்டும் தவறணைக்கே அனுப்பும், கிளினிக்கிற்கு அனுப்பாது. கிளினிக் நாளன்று கூடச் செல்ல ஒருவர், எண்டொஸ்கொப்பிக்காக நகரத்துக்குச் செல்லப் பஸ் கட்டணம், வீட்டிலே உப்புக் குறைத்த ஒரு கறி இவையே நோயாளிக்குத் தேவையானவை. மாதர் சங்கங்களும் கிராமக் குழுக்களும் இவற்றைச் செய்ய இயலும்.

குழுக்களில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் "மகோதரம்" என்று சொல்லப்பட்டு இறந்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எப்போது வைத்தியசாலைக்குச் சென்றார்கள்? தாமதத்துக்குக் காரணம் என்ன?

2. நீரிழிவு கிளினிக்கிற்குச் செல்பவர்கள் தமது ஈரலைப் பற்றியும் வைத்தியரிடம் கேட்டதுண்டா?

3. குழந்தை பிறந்த வீடுகளில் தொப்புளுக்கு என்ன பூசப்படுகின்றது? இதனைப் பாட்டிமாருடன் மரியாதையாகப் பேசுவது எப்படி?

4. மதுவை விட விரும்பும் ஒருவருக்கு எமது குழு முதல் வாரத்தில் என்ன உதவி செய்யலாம்?